மாமியின் அறுகரிசியும் வாய் திறவாத பிரவுசரும்

தானாகத் தொழில் படித்தவனுக்கு ஒரு வசதியும் ஒரு வசதிக்குறைவும் உண்டு. வசதி, அடிக்க வாத்தியார் இல்லை. குறைவு, பிழை விட்டால் பழி போடவும் வாத்தியார் இல்லை.

நான் இணையச் செயலி எழுதப் பழகியது அப்படித்தான். கொஞ்சம் பிடிபட்டதும் வாய் நீண்டுவிட்டது. போகிற இடமெல்லாம் பிரசங்கம்: "இனி ஃபோனிலை ஒண்டும் இறக்கத் தேவையில்லை. கமெரா, மைக், பாட்டு எல்லாம் பிரவுசருக்குள்ளையே வரும். இனி எல்லாம் பிரவுசர்தான்!"

சலூன்கார அண்ணை ஒருநாள் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, தலைமயிரும் அதுக்குள்ளையே வெட்டலாமோ?"

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, கனடாவில் இருக்கிறார். தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். அதைக் கேட்டதும் அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"அக்கா முதல் அறுகரிசி போடாமல் என்ரை பிள்ளைக்கு என்ன கலியாணம்?"

(தாலி கட்டியபின் அறுகம்புல்லும் அரிசியும் இட்டு மணமக்களை வாழ்த்துவதுதான் அறுகரிசி. அதில் யார் முதல் என்ற வரிசை பிசகினால், அடுத்த தலைமுறைவரை முகம் பார்க்க மாட்டார்கள்.)

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "அப்பா, மாமியை நான் மண்டபத்துக்குக் கொண்டுவாறன்."

கொண்டுவருவது இப்படி: குடும்பக் குழுவுக்கு ஒரு சுட்டி அனுப்புவேன். அதைத் திறந்தால் மாமியின் பிரவுசரில் மண்டபம் தெரியும். பச்சைப் பொத்தானை அமத்திக்கொண்டு வாழ்த்தினால், மண்டபத்துப் பெரிய திரையில் மாமியின் படம் தோன்றும், அரிசி மழையாய்க் கொட்டும், குரல் கணீரென்று கேட்கும். வீட்டில் பரிசோதித்தபோது அரிசியும் கொட்டியது, குரலும் கேட்டது. வீடெல்லாம் அரிசி என்று அம்மா பயந்துபோய் விளக்குமாற்றை எடுத்துவிட்டார்.

கலியாணம் அச்சுவேலியில் ஒரு மண்டபத்தில். மணவறைக்குப் பக்கத்தில் மடிக்கணினியை வைத்தேன். சின்னப் பிள்ளைகள், குஞ்சு குருமன் எல்லாம் நோண்டிவிடும் என்று, "தொடாதேங்கோ" என்று பெரிய எழுத்தில் மட்டையில் எழுதி முன்னால் ஒட்டினேன். கடைசி நேரத்தில் திரையின் நிறம் மணவறைச் சோடனைக்குப் பொருந்தவில்லை என்று மாற்றி, பக்கத்தை மறுபடி ஏற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. திரையில் மாமி தோன்றினார். அரிசி கொட்டியது. சபை "ஆ!" என்றது.

குரல் மட்டும் இல்லை.

மறுபடி மாமி, மறுபடி அரிசி. அதன் பிறகு லண்டன் சித்தப்பா, நோர்வே மச்சாள், இன்னொரு தரம் மாமி. ஒருவருக்கும் வாய் இல்லை.

வட்டுக்கோட்டைச் சம்பந்தி, மாப்பிள்ளையின் தாயார், அப்பாவின் பக்கம் சரிந்தார். "உங்கடை அக்காவுக்கு எங்களோடை ஏதும் கோவமோ? அரிசியை எறியிறா, ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

"சீச்சீ, கதைக்காமல் இருக்கத் தெரிஞ்ச ஆளில்லை அவ" என்று சிரித்த அப்பா, என் பக்கம் திரும்பும்போது சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "எங்கையடா என்ரை அக்கா?"

"கம்பியிலை ஏதோ..." என்றேன். (கம்பியில் ஒன்றுமே இல்லை. என் தலையிலும்தான்.)

அப்பா விறுவிறு என்று வந்தார்.

"ஐயோ அப்பா, தொடாதேங்கோ!"

"நான் எத்தினை ரேடியோ தட்டித் திருத்தினனான்!" என்றபடி மடிக்கணினியின் விசைகளுக்கு மேல் ஓங்கி ஒரு தட்டு.

அடைபட்டுக் கிடந்த குரல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் பீறிட்டன. சித்தப்பா தேவாரம் பாட, மச்சாள் வாழ்த்துச் சொல்ல, எல்லாருக்கும் மேலாக மாமியின் மூன்று குரல்கள்: "நல்லா இருங்கோ என்ரை குஞ்சுகள்!" "ஹலோ, கேக்குதோ? என்ன எல்லாரும் மரம்மாதிரி நிக்கிறியள்?" "டேய் சீலன்! உன்ரை கொம்பியூட்டரைக் கொண்டுபோய்க் கீரிமலைக் கேணிக்குள்ளை போடு!"

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஐயர் பஞ்சாங்கத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சம்பந்திதான் முதலில் வெடித்துச் சிரித்தார். "கோவம் எங்களோடை இல்லை, பொடியனோடைதான்!"

அப்பா திரையைப் பார்த்தபடியே நின்றார். "அக்கா வந்திட்டா" என்றார் மெதுவாக.

நடந்தது என்ன என்று பிறகுதான் எனக்கே விளங்கியது. பக்கத்தைப் புதிதாக ஏற்றினால், ஒரு மனிதக் கை மறுபடி அதைத் தொடும்வரை பிரவுசர் சத்தம் போட விடாது. கண்ட கண்ட விளம்பரமெல்லாம் தானாகக் கத்தாமல் இருக்க அப்படி ஒரு சட்டம். வீட்டில் நானே தொட்டுத் தொட்டுப் பரிசோதித்ததால் அது தெரியவில்லை. மண்டபத்திலோ அது ஒரு தொடுகைக்காகக் காத்துக்கிடக்க, தொடாதேங்கோ என்று மட்டை எழுதி ஒட்டியவன் நான். சொந்த வீடு கட்டுகிறேன் என்று துள்ளியிருக்கிறேன். இருந்ததெல்லாம் பிரவுசரின் வாடகை வீட்டில். நாளைக்கு எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்பதை வீட்டுக்காரர்தான் சொல்வார்.

இப்போது நான் எழுதும் செயலி எல்லாம் ஒரே மாதிரித்தான் திறக்கும்: நடுவில் பெரிய பொத்தான், அதில் "வணக்கம், ஒருக்காத் தட்டுங்கோ." என்ன மரியாதை என்று வாடிக்கையாளர்கள் மெச்சுகிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைத் திறந்து காட்டி, "உது என்ரை கண்டுபிடிப்பு" என்கிறார்.

மாமியோ, இன்றைக்கும் தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிப்பதற்கு முன் கேட்பது ஒன்றுதான்:

"டேய், உன்ரை அப்பர் தட்டிப்போட்டாரோ? நான் கதைக்கலாமோ?"