தலையிடாக் கவனிப்பில் நான் வாங்கிய முதல் மதிப்பெண்

கல்விக்காக முதுகைக் கொடுத்த தியாகிகளை யாராவது என்றைக்காவது கௌரவிப்பதாக இருந்தால், மேடையில் முதல் இருக்கை எனக்குத்தான். அது கொஞ்சம் உயரமான இருக்கையாக இருந்தால் நல்லது. கிடங்கில் சிமெண்டு மூட்டை சுமந்து பாதி தேய்ந்திருந்த என் முதுகு, சமுதாயக் கல்லூரியின் குட்டி நாற்காலியில் ஒரே வாரத்தில் மீதியும் தேய்ந்தது.

'குழந்தையின் உயரத்திலிருந்து உலகைக் காணுங்கள்' என்பது எங்கள் துறையின் கொள்கை. ஆகவே பெரியவர்கள் உட்காரும் நாற்காலி எங்கள் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதில் பயிற்சியாளர் அம்மா உட்கார்ந்து அந்தக் கொள்கையை விளக்குவார்.

"இன்னொரு மூட்டையைத் தொட்டீங்கன்னா அப்புறம் எந்திரிக்கவே மாட்டீங்க" என்று டாக்டர் சொன்ன பிறகு நான் தேர்ந்தெடுத்த பாதை இது. மழலையர் பள்ளி உதவி ஆசிரியர் சான்றிதழ். தேறினால் பள்ளிக்கூடம். தவறினால் மறுபடியும் மூட்டை. சலவைக் கடையில் இஸ்திரி போடும் என் மனைவிக்கு மட்டும் இந்தப் படிப்பின் மகிமை பிடிபடவில்லை.

"புள்ளைங்களப் பாத்துக்கப் படிப்பாக்கும்? வீட்ல ஒண்ணு இருக்கே, அத என்னைக்காவது பாத்திருக்கியா?"

"அது நடைமுறை. நான் படிக்கிறது கோட்பாடு."

"அப்ப கோட்பாட்டையே சோறு ஊட்டச் சொல்லு. நான் வேலைக்குக் கெளம்புறேன்."

எங்கள் வகுப்பின் தனிச்சிறப்பு, அங்கே குழந்தைகளே கிடையாது என்பது. குழந்தைகள் இருந்தால் சத்தம் போடுவார்கள். பாடம் நடத்த முடியாது. அதனால் நாங்களே மாறி மாறிக் குழந்தையாவோம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் என்னோடு படித்தார். அவர் தரையில் புரண்டு, "எனக்கு அந்த பொம்மதான் வேணும்" என்று மீசை நனைய அழுவார். நான் மண்டியிட்டு, "உன் கோபத்தை நான் மதிக்கிறேன், கண்ணா" என்பேன். இருவரையும் எழுப்பி நிறுத்த நாலு பேர் வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்குத்தான் உயிருள்ள குழந்தை தேவைப்பட்டது. தலைப்பு: 'தலையிடாக் கவனிப்பு'. குழந்தை விளையாடும், நாம் பார்த்து எழுத வேண்டும். பேசக் கூடாது, தொடக் கூடாது.

"மூஞ்சியில இரக்கம் தெரிஞ்சாக்கூட மார்க் போயிடும்" என்றார் பயிற்சியாளர் அம்மா. "நீங்க அங்க அப்பா இல்ல. பார்வையாளர்."

எனக்கு வாய்த்தது என் ஐந்து வயது மகள். காலையில் அவசரம், சாப்பிடாமல் கிளம்பினாள். "அங்க போய்த் தின்னுக்கலாம்" என்று சொல்லி பிஸ்கட்டை டப்பாவில் போட்டு மூடினேன். நான் மூடிய டப்பாவை எங்கள் வீட்டில் வேறு யாரும் திறந்ததில்லை. மூட்டை பிடித்த கை. பிடித்தால் அப்படித்தான் பிடிக்கும்.

தேர்வு தொடங்கியது. மகள் வண்ணக் கட்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டப்பாவோடு நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பா, தொறந்து குடு."

நான் எழுதினேன்: 'குழந்தை உதவி நாடுகிறது.'

"அப்பா, பசிக்குது."

'குழந்தை தன் தேவையைத் தெளிவாக வெளிப்படுத்துகிறது.'

பல்லால் கடித்தாள். 'மாற்று வழிகளை ஆராய்கிறது.' தரையில் அடித்தாள். 'பொருள்களின் உறுதித்தன்மையைச் சோதிக்கிறது.' பிறகு என் முட்டியைப் பிடித்து உலுக்கி, "அப்பா! நான் கூப்புடுறது கேக்கலியா?" என்று அழத் தொடங்கினாள். 'உணர்வு வெளிப்பாடு வயதுக்கேற்ப மிகச் சிறப்பு' என்று எழுதினேன். பேனா கொஞ்சம் நடுங்கியது. அதற்கு மதிப்பெண் குறையாது.

பக்கத்தில் தன் முறைக்குக் காத்திருந்த ஓட்டுநர் என் காதருகே குனிந்தார்.

"யோவ், பச்சப்புள்ள பசியில அழுவுது. ஒரு திருகு திருகிக் குடுய்யா."

"சும்மா இருங்கண்ணே. மார்க் போயிடும்."

"மார்க்க டப்பாவுல போட்டு நீயே தின்னு."

இலக்கியத்தில் வருவது போன்ற ஒரு தருணம் அப்போது வந்தது. மகள் அழுகையை நிறுத்தினாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூலைக்குப் போய், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் எழுதினேன்: 'குழந்தை தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டது.'

பயிற்சியாளர் அம்மா எழுந்து நின்று கைதட்டினார். "பாருங்க எல்லாரும்! இதுதான் தொழில்முறை! பெத்த அப்பான்னு யாராவது கண்டுபிடிக்க முடியுமா?"

யாராலும் முடியாது என்று வகுப்பே ஒப்புக்கொண்டது.

மணி அடித்ததும் ஓடினேன். "குடும்மா, அப்பா தொறந்து தரேன்."

அவள் டப்பாவை இறுக்கிக்கொண்டாள். "வேணாம். பசி போயிடுச்சு."

எனக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். ஓட்டுநருக்குத் தோல்வி, தன் முறை வந்தபோது அவர் பேரனின் மூக்கைத் துடைத்துவிட்டார். சான்றிதழ் வந்தது, வேலையும் வந்தது. பிஸ்கட் டப்பா மட்டும் மகளின் பொம்மைகளுக்கு நடுவே மூடியபடியே இருந்தது. மனைவி கேட்டாலும் அவள் தருவதில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேரும் நாள். புது ஷூவை மாட்டக் குனிந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் சாய்ந்தேன், எழ முடியவில்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள்.

"குட்டி, அப்பாவால எந்திரிக்க முடியல. பக்கத்து வீட்டு மாமாவக் கூட்டிட்டு வாம்மா."

அவள் தன் குட்டி நாற்காலியை இழுத்து வந்து என் எதிரில் போட்டாள். உட்கார்ந்தாள். முகத்தில் இரக்கம் இம்மியும் இல்லை. வண்ணப் பென்சிலை எடுத்துக் காலண்டர் தாளில் எதையோ கிறுக்கினாள்.

"என்னம்மா பண்ற? அப்பாவுக்கு வலிக்குதும்மா."

"பேசாதப்பா. நான் எழுதிட்டிருக்கேன்."

சமுதாயக் கல்லூரியின் பயிற்சியை இனி ஒருவரும் குறை சொல்லக் கூடாது. ஒருவரைச் சேர்த்து இருவரைத் தேற்றிவிட்டார்கள். இரண்டாமவள் என்னைவிடக் கெட்டிக்காரி, அவள் கை நடுங்கவே இல்லை.

நான் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் பொம்மைகளுக்கு நடுவே அந்த டப்பா தெரிந்தது. அதை நான் அவளுக்கு இன்னும் திறந்து கொடுக்கவில்லை.