எருமையை எங்கே கட்டுவது?

தன் நாவலைத் தானே சுருக்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? கையில் சிவப்புப் பேனா, கண்ணில் ஈரம். இவைதாம் அடையாளம்.

திருப்பூர் மங்கலம் சாலையில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மருதாசலம் இந்த இனத்தின் தலைமகன். கம்பெனியில் மனிதர் படு கறார். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் உருப்படியைத் தூக்கி செகண்ட்ஸ் கூடையில் எறிந்துவிட்டு, ஏறெடுத்தும் பாராமல் அடுத்ததை எடுப்பார். அதே கை, தான் எழுதிய எழுநூறு பக்க நாவலில் ஒரு கமாவை எடுக்கவும் யோசிக்கும்.

"பாதியாக் குறைச்சுக் குடுங்க, தை மாசம் புத்தகம் வந்துரும். இல்லீன்னா என்னால ஆகாதுங்க" என்று கோவைப் பதிப்பாளர் சொல்லிவிட்டார். பல வருட ஆசை அந்தப் பேச்சில் தொங்கியது.

உட்கார்ந்தார். முதல் நாள் முழுக்க வெட்டியது ஓர் 'ஆகவே'. சாயங்காலம் பாவம் பார்த்து அதையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார். கிணற்று அத்தியாயத்தை எடுக்கலாமா? ஐயோ, அம்மாவைப் பெற்ற அப்புச்சி வெட்டிய கிணறு! சேவூர்ச் சந்தையில் எருமைக்கு விலை பேசும் நாற்பது பக்கம்? எருமை கோபித்துக்கொள்ளாதா?

"ஏனுங்க, அந்த எருமையப் புடிச்சு வெளிய கட்டுங்க" என்றார் மனைவி ஞானாம்பாள். "கதையில பொண்ணு மணவறையில உக்காந்துட்டிருக்கறா. நீங்க இன்னும் சந்தையிலயே நிக்கறீங்க."

உறைத்தது. பாதியை வெட்டியே விட்டார். ஆனால் திருப்பூர்க்காரர் அல்லவா? கட்டிங் வேஸ்ட்டை இங்கே யார் குப்பையில் போடுகிறார்கள்? துண்டுத் துணியையும் மூட்டை கட்டி விற்று, அது மறுபடி நூலாகி வருகிற ஊர். கிணறு முன்னுரைக்குப் போயிற்று. எருமையைப் பின்னிணைப்பில் கட்டினார். மிச்சமெல்லாம் நன்றியுரை. அனுப்பிய கட்டு பழையதைவிடப் பத்துப் பக்கம் கூடுதல்.

"நடுவுல இருக்கறது அருமைங்க. அது மட்டும் போதும்" என்றார் பதிப்பாளர். மருதாசலம் "சரிங்க" என்றார்.

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவில் நல்ல கூட்டம். ஒல்லியான நாவலை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஏற்புரைக்கு அழைத்தார்கள். மருதாசலம் மைக்கைப் பிடித்தார்.

"இதுல வராத எருமை ஒண்ணு இருக்குதுங்க..."

ஞானாம்பாள் மெல்ல எழுந்து டீ குடிக்கப் போனார். பின்னாலேயே பாதி அரங்கமும் போனது.

சிரிக்கிறீர்கள். நாவல் எழுதவில்லை என்ற தைரியம். போன வாரம் விருந்துக்கு வந்தவரிடம் பழனி போய்வந்த கதையைச் சொன்னீர்களே, பஸ்ஸுக்குச் சில்லறை தேடியதிலிருந்துதானே ஆரம்பித்தீர்கள்? அவர் மோருக்குக்கூட நிற்காமல் இலையை மூடிவிட்டு எழுந்தது, வயிறு நிறைந்தா?