பிப்ரவரி முப்பது

சிவகாசியில் அக்குளை வைத்துப் பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ‘உடனடி’தான். அதில் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல் உண்டு.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு டைரி அச்சகத்தில் அவர் கட்டிங் மெஷின் ஓட்டினார், நான் ப்ரூப் பார்த்தேன். எடுத்த கையோடு படத்தைத் துப்பும் கேமரா ஒன்றை அவருடைய துபாய் மச்சான் கொடுத்திருந்தார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். படம் வெளியே வந்ததும் அக்குளில் சொருகிக்கொள்வார். சூட்டில்தான் முகம் தெளியுமாம். அந்நேரம் முதலாளியே கூப்பிட்டாலும் கையை அசைக்க மாட்டார்.

“படம் வெந்துக்கிட்டு இருக்கு மொதலாளி, செத்த இருங்க.”

வெந்த படத்தை ஒரு கழிவு டைரியில் ஒட்டி, கீழே ஒரு வரி எழுதுவார். அந்த டைரி கழிவானது என் கைங்கரியம். பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டிருந்ததைக் கவனிக்காமல் ப்ரூப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பைண்டிங்கும் முடிந்துவிட்டது.

“ஊருக்கெல்லாம் தேதி குடுக்குற ஊருய்யா இது! பிப்ரவரிக்கு எம்புட்டு நாளுன்னு உமக்குத் தெரியாதா?” என்று முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். உடனடி மட்டும் சிரிக்காமல், கழித்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

டீ நேரத்தில் மொத்தக் கம்பெனியும் அந்த டைரியைச் சுற்றி நிற்கும். ஒற்றைச் செருப்புப் படத்தின் கீழே, ‘மேஸ்திரி இதைத் தேடுகிறார். நான் சொல்லவில்லை.’ இதற்கு அரை மணி நேரச் சிரிப்பு! நானும் டைரி எழுதினேன், நாளுக்கு நாலு பக்கம், தத்துவத்தோடு. ஒருநாள் அதை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். பைண்டிங் செல்வியக்கா அதில் வடையை வைத்து எண்ணெயை ஒற்றினாள்.

உடனடி எல்லாரையும் எடுத்தார். வாட்ச்மேனை ஒரு தடவை, வாட்ச்மேன் வளர்த்த நாயை இரண்டு தடவை. என்னை எடுக்கவில்லை. பவுடர் போட்டு, தீபாவளிச் சட்டையில் போய் நின்றேன்.

“கொஞ்சம் ஒதுங்குங்க அண்ணாச்சி, நாய மறைக்கீக.”

அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, தினமும் திருட்டுத்தனமாக டைரியைப் புரட்டுவேன், எங்காவது நான் இருக்கிறேனா என்று. அந்தப் பிப்ரவரி முப்பதை மட்டும் பார்க்கக் கூசி, இரண்டு தாளாகச் சேர்த்துத் தள்ளிவிடுவேன்.

கேமராவின் கடைசி ஃபிலிமும் தீர்ந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. “ஏய்யா, நாய்க்கு ரெண்டு படம். நான் என்னய்யா பாவம் செஞ்சேன்?”

அவர் திகைத்துப்போனார். “தெனமும் படிக்கீகளே அண்ணாச்சி, முப்பதாந்தேதியப் பாக்கலியா?”

திறந்தேன். என் முதுகு. பக்கத்தில் திறக்காத டிபன் டப்பா. டைரிக்குள் தலையை விட்டு, கழுத்தை நீட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அச்சு மெஷின் சத்தத்தில் கேமராச் சத்தம் கேட்டிருக்காது. கீழே ஒரு வரி:

‘சாப்பாட்டை ஆறவிட்டு என்னைப் படிப்பவர். இந்த நாளை எனக்குத் தந்தவரும் இவரே.’

படத்தை உரித்து என் கையில் கொடுத்துவிட்டார். இப்போது அது என் டைரியில் இருக்கிறது. அதன் கீழே அவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுத இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். நாலு பக்கம் வருகிறது, அந்த ஒரு வரி வரவில்லை.