ஏழாம் குழியின் களாப் பற்றை

கோல்ப் மட்டையை ஒரு நாளும் கையில் பிடிக்காமல் கோல்ப் விதியை வளைத்த மனிதர் மாத்தளை மாவட்டத்தில் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. களா அண்ணே என்று சொன்னால் போதும், பலாபத்வலவில் பஸ் கண்டக்டரே மைதான வாசலில் இறக்கிவிடுவார்.

நான் அங்கே புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களுக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தர். மைதானத்தில் ஒன்பது குழிகள். ஒவ்வொரு குழியும், அதற்குப் பந்தை அடித்துக்கொண்டு போகும் நீளமான புல்வெளியும் இந்தப் பக்கத்துச் செடி ஒன்றின் பெயரால் அழைக்கப்பட்டன. நொச்சிக் குழியில் நொச்சி இல்லை. ஆவரசுக் குழியில் ஆவரசு இல்லை. இரண்டு பக்கமும் காடு நெருக்கும் ஏழாவது குழியான களாவில் மட்டும், த்ரீவீலர் அளவில் ஒரு களாப் பற்றை முள்ளும் கறுப்புப் பழமுமாக நின்றது.

அந்தக் காட்டோரம் நின்று, பந்து எங்கே விழுந்தது என்று சொல்வது அண்ணேயின் வேலை. யாராவது மோசமாக அடித்தால், துக்க வீட்டில் நிற்பதுபோலத் தொப்பியைக் கழற்றிவிடுவார். ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் ஆட வரும் நாட்களில் அந்தத் தொப்பி தலையில் இருந்து நான் பார்த்ததில்லை.

பிழை என்னுடையதுதான். புதிய குழாய்ப் பாதையின் வரைபடத்தில் அந்தப் பற்றையின் மேல் 'அகற்றலாம்' என்று எழுதியிருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணே கேட்டார். சொன்னேன்.

"பேரை வெச்சுட்டு ஆளை வெட்டுறதா மிஸ்? பேர்ப் பலகையைப் பாத்துட்டு யாராச்சும் களா எங்கன்னு கேட்டா, நான் எதைக் காட்டுறது?"

மனேஜர் கையெழுத்து வைத்துவிட்டார், திங்கட்கிழமை வெட்டுகிறார்கள் என்றேன். அண்ணே தொப்பியைக் கழற்றாமல் நேரே காட்டோரம் போனார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பற்றையைச் சுற்றி நாலு நீலக் கட்டைகள் நடப்பட்டிருந்தன. கோல்பில் நீலக் கட்டை என்றால் திருத்த வேலை நடக்கும் இடம். அதற்குள் போன பந்துக்குத் தண்டனை கிடையாது. வெளியே வைத்து அடிக்கலாம். காட்டில் தொலைந்தால் தண்டனை உண்டு. பந்து எங்கே போனது என்பதற்கு அண்ணேதான் சாட்சி. அன்றிலிருந்து காட்டுக்குள் பறந்த பந்தெல்லாம் களாவுக்குள்தான் போயிற்று. அந்த இரண்டு நாளில் அது விழுங்கிய பந்துகளை அள்ள லொறி வேண்டும். டொக்டர் தன் ஆயுளிலேயே சிறந்த ஆட்டத்தை ஆடிவிட்டு, விசிலடித்தபடி வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை மனேஜர் கோடரியோடு இரண்டு பேரை அழைத்து வந்தார். டொக்டரும் சிநேகிதர்களும் பற்றைக்கு முன்னால் ஏற்கெனவே நின்றிருந்தார்கள்.

மனேஜர் கட்டைகளைப் பார்த்தார். "இங்க என்ன திருத்த வேலை நடக்குது?"

"வளருதுங்க சேர்," என்றார் அண்ணே.

நோயாளிக்குச் சொல்லும் அதே குரலில், இதை இப்போது இடையில் நிறுத்துவது நல்லதல்ல என்றார் டொக்டர். மனேஜர், சந்தா கட்டும் அந்த அங்கத்தவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குழாய்க்கு வேறு பாதை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

அன்று மாலையே பொருட்பட்டியலைத் திருத்தினேன். பற்றையைச் சுற்றிப் போக நாலு வளைவு இணைப்பு, கொஞ்சம் கூடுதல் குழாய். கடைசியில், இடுப்பு உயரத்தில் திறந்து மூடும் ஒரு தண்ணீர் பைப். களாவுக்குத் தண்ணீர் தேவையில்லை, எந்தக் கோடையையும் தாங்கும். பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு முகம் கழுவ வேண்டுமே.