அரும்பு தோஷத்துக்கு அக்கினிப் பரிகாரம்

நல்லம்பள்ளிக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் வாசலில் வாழைமரம், சீரியல் லைட், அலறும் ஸ்பீக்கர், ரோடு வரைக்கும் கூட்டம். தருமபுரியிலிருந்து வந்த டவுன் பஸ் நகர முடியாமல் ஹாரன் அடித்தபடி நின்றது. என்ன கூட்டம் என்று கண்டக்டர் இறங்கி வந்து விசாரித்தார். விசாரித்தவர் பஸ்ஸை மறந்துவிட்டுத் தம் மகளுக்கும் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டார்.

டோக்கன் எதற்கு? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரும்பு தோஷம் நீக்குவதற்கு. நீக்கி வைப்பவர் அட்சரானந்த சித்தர். பென்னாகரம் காட்டில் தவம் இருந்தவராம். எந்தக் காட்டில், எந்த மரத்தடியில் என்று யாரும் கேட்கவில்லை. தவம் செய்தவரிடம் முகவரி கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் அல்லவா!

இந்தத் தோஷம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. அது பிறந்த இடம் ஊர்ப் பள்ளிக்கூடம். பெற்றோர் கூட்டத்தில் கலைமணி டீச்சர் தெளிவாகத்தான் சொன்னார். எழுத்துகளை இப்போதுதான் பழகும் பிள்ளைகள் அரும்பு. சொற்களைப் படிப்பவர்கள் மொட்டு. தடையில்லாமல் படிப்பவர்கள் மலர். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே பாடம் சொல்லித் தருவதற்காக இந்தப் பிரிவு. இன்றைக்கு அரும்பில் இருப்பவள் கொஞ்ச நாளில் மொட்டுக்குப் போய்விடுவாள். இந்தக் கடைசி வாக்கியத்தை டீச்சர் சொல்லும் நேரத்தில் டீ வந்துவிட்டது. ஊர் டீயை வாங்கிக்கொண்டு வாக்கியத்தை விட்டுவிட்டது.

மறுநாளே மூன்றும் ராசிகளாகிவிட்டன.

"எங்க பையனுக்கு மொட்டுங்க. ஆனா மலர் பார்வை இருக்குதாம். தை பொறந்தா மாறிடும்ங்கறாங்க."

"எங்கண்ணன் பொண்ணு மலருங்க. அரும்பு வூட்ல சம்பந்தமே வெச்சுக்கக் கூடாதுன்னு அண்ணி இப்பவே சொல்லிட்டாங்க."

அந்த அண்ணன் பெண்ணுக்கு முன்பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. அதற்குள் சம்பந்தம்!

இப்படி ஒரு ஊர் கிடைத்தால் ஒரு சித்தர் எத்தனை நாள்தான் காட்டில் உட்கார்ந்திருப்பார்? வந்துவிட்டார். சூலத்திலேயே பணம் அனுப்பும் ஸ்கேன் அட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வரிசையில் தக்காளி விவசாயி தமிழ்மணி, அவர் மனைவி அமுதவல்லி, நடுவில் மூன்றாம் வகுப்புக் காவியா. காவியா அரும்பு. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தமிழ்மணிக்குத் தூக்கமில்லை. தக்காளியில் வெள்ளைப்பூச்சி விழுந்தபோதுகூட மனிதர் இவ்வளவு கலங்கியதில்லை.

சீடர் ஒருவர் சாதாரணப் பேனாவால் ஒரு தாளில் 'காவியா' என்று எழுதினார். சித்தர் மடியிலிருந்து தங்க நிறப் பேனா ஒன்றை எடுத்தார். காட்டு மூலிகை மையாம். பெயருக்குக் கீழே பெரிதாக 'அரும்பு' என்று எழுதித் தாளைக் குத்துவிளக்கின் சுடருக்கு மேலே காட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'அரும்பு' மங்கி மறைந்தது. 'காவியா' மட்டும் அப்படியே நின்றாள்.

மண்டபமே "ஓ" என்றது. தமிழ்மணி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"தோஷம் எரிஞ்சிடுச்சு. ஆனா வேர் இருக்குது," என்றார் சித்தர்.

"எங்கங்க சாமி?"

"நாக்குல. வெள்ளிக்கிழமை கூட்டி வா. தங்க ஊசியக் காய வெச்சு நாக்கு நுனில ஒரு தொடல். அதுக்கப்புறம் ஒரு மண்டலத்துக்கு வூட்ல யாரும் புத்தகம் தொறக்கக் கூடாது. படின்னு சொன்னா தோஷம் மறுபடி ஒட்டிக்கும்."

பாடம் படிக்கக் கூடாது என்ற செய்தி பரவியதும் ஊர்ப் பிள்ளைகள் சித்தரை மனமாரக் கும்பிட்டார்கள். ஊசியைப் பற்றிய செய்தி வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். பெரியவர்கள் நிறுத்தவில்லை.

காவியா அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டே நடந்தாள். சோற்றை உதட்டுக்குள் மெல்லத் தள்ளி விழுங்கினாள். "நாக்குல சூடு வெச்சா பேச்சு வருமாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை இப்படிக் கேட்கும்படி விட்ட ஊரை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அமுதவல்லிக்கு எரியாமல் இருக்குமா? நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"டீச்சர், எம் பொண்ணு மக்குங்களா?"

கலைமணி டீச்சர் திகைத்துப் போனார். "யாருங்க சொன்னது? எழுத்தெல்லாம் தெரியுது. சேத்துப் படிக்கறப்பதான் தடுமாறுறா. தெனமும் கொஞ்ச நேரம் பக்கத்துல ஒக்காந்து படிக்கச் சொல்லிக் கேளுங்க. தப்பு வந்தா ஒடனே பாயாதீங்க. கொஞ்சம் பொறுத்தா அவளே திருத்திக்குவா. இப்ப போய்ப் புத்தகத்த மூடி வெச்சா, வந்தது கூடப் போயிடும்."

"நானே அஞ்சாவதுதானுங்க. எனக்கென்ன சொல்லித் தரத் தெரியும்?"

"கேக்கறதுக்குப் படிப்பு எதுக்குங்க? காது இருந்தாப் போதும்."

அமுதவல்லி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். தமிழ்மணி ஏற்கவில்லை. "டீச்சர் வாயாலதான சொல்றாங்க? சாமி கண்ணு முன்னால எரிச்சுக் காட்டினாரு. நாம பாத்தமில்ல!" என்றார்.

அதற்கான பதில் மண்டபத்துக்கு எதிரே கூல்டிரிங்ஸ் கடை ஃப்ரீசரில் இருந்தது. கடை வஹிதாவுடையது. அவள் மகன் நதீமும் காவியாவின் வகுப்புதான், அவனும் அரும்புதான். வஹிதாவின் கணவர் காசிம் மனைவிக்குத் தெரியாமல் சித்தரிடம் போய்த் தாள் வாங்கி வந்திருந்தார். தெரிந்தால் திட்டுவாளே என்று அதை ஃப்ரீசரின் அடியில், கப் ஐஸ்களுக்குக் கீழே ஒளித்து வைத்தார். அந்தக் கடையை நடத்துவதே வஹிதாதான் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

வஹிதா தாளை எடுத்துப் பார்த்தாள். 'நதீம்'. கீழே பளிச்சென்று 'அரும்பு'.

"ஏங்க, தோஷத்த எரிச்சதா ஊரே பேசுது. இது இங்க குளுகுளுன்னு படுத்துருக்குது?"

காசிமுக்கு வேர்த்துவிட்டது. "சத்தியமா அழிஞ்சுதான் போச்சு, வஹிதா. நானே பாத்தேன்."

வஹிதா தாளை டீ அடுப்புக்கு மேலே காட்டினாள். 'அரும்பு' போய்விட்டது. ஃப்ரீசரில் போட்டாள். வந்துவிட்டது. மறுபடி அடுப்பு, மறுபடி ஃப்ரீசர். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. அந்த நேரத்தில் அமுதவல்லி தொங்கிய முகத்தோடு ரோட்டில் போக, கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் சித்தர் ஊசியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். முதல் டோக்கன் காவியா. தமிழ்மணி அவளை முன்னால் தள்ள, அமுதவல்லி பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க. எரிஞ்ச தோஷம் திரும்ப வருமுங்களா?"

"அக்கினில போனது எப்படிம்மா வரும்?"

"தண்ணியில போட்டா?"

"வராது."

"ஐஸ்ல வெச்சா?"

சித்தர் சிரித்தார். "இமயமலையில கொண்டு போயி வெச்சாலும் வராது!"

"அவ்ளோ தூரம் எதுக்குங்க? எதுத்தாப்ல வஹிதாக்கா கடையில வெச்சுப் பாத்துரலாம். ஆளுக்கொரு தாள் வெச்சிருக்கறீங்கல்ல, எடுத்துட்டு வாங்க."

சாமி வாயாலேயே வராது என்று சொன்ன பிறகு பயம் எதற்கு? பக்திப் பெருக்கோடு கூட்டம் ரோட்டைக் கடந்தது. ஃப்ரீசர் நிறையத் தாள்கள். காத்திருந்த நேரத்துக்கு வஹிதாவின் கடையில் சோடா நன்றாக விற்றது. பிறகு மூடியைத் திறந்தாள்.

அரும்பு, அரும்பு, அரும்பு. மாம்பழ ஐஸுக்கு மேலே அரும்பு, குல்ஃபிக்குப் பக்கத்தில் அரும்பு. கண்டக்டர் மகளும் அரும்பு.

சித்தர் பதறி ஓடி வந்தார். "ஐஸ் பொட்டில அசைவம் வெச்சுருக்குது! தீட்டு!"

"பால் ஐஸ்தாங்க இருக்குது," என்றாள் வஹிதா. அமுதவல்லி அதற்குள் அவர் மடியிலிருந்த தங்க நிறப் பேனாவை உருவிவிட்டாள். ஒரு தாளில் 'சித்தர் ஞானம்' என்று பெரிதாக எழுதி டீ அடுப்புக்கு மேலே காட்டினாள். ஞானம் ஒரு நொடியில் காணாமல் போனது.

"சூடு பட்டா மறையற மை, குளுந்தா திரும்ப வருது. இதுல சாமி எங்க இருக்குது, தோஷம் எங்க இருக்குது? இந்த ஆள நம்பியா எம் புள்ள நாக்குல சூடு வெக்கப் பாத்தீங்க?" அமுதவல்லி இதைக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தமிழ்மணியைப் பார்த்துச் சொன்னாள்.

தமிழ்மணி தலை நிமிரவில்லை. சித்தர் நின்ற இடத்தில் இல்லை. பெங்களூர் பஸ் கிளம்பியபோது காவி வேட்டி ஒன்று படிக்கட்டில் தொற்றிக்கொண்டதாகக் கேள்வி. சூலத்தை மட்டும் விட்டுப் போனார். ஸ்கேன் அட்டையை மறக்காமல் கழற்றிக்கொண்டார்.

ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தீர்களா? அவசரப்படாதீர்கள். மறுநாள் வஹிதா கடையைத் திறந்தால் ஃப்ரீசருக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். வாசலில் தேங்காய்த் தட்டோடு வரிசை. "மறைஞ்சதக் காட்டிக் குடுக்கற பொட்டியாமே! எங்க வூட்டுக்காரரு சட்டைய ஒரு தடவ உள்ள வெச்சு எடுத்துக் குடுங்கம்மா," என்றாள் முதலில் நின்றவள். வஹிதா விளக்குமாற்றைத் தேடினாள்.

அந்த வரிசையைத் தாண்டி, கடைக்குள் பெஞ்சில் காவியா உட்கார்ந்திருந்தாள். தமிழ் வாசிப்புப் புத்தகம் மடியில். "கு...ர...ங்...கு... குரங்கு. ம...ர...த்...தி...ல்..." நடுவில் திக்கினாள். பக்கத்தில் தமிழ்மணி. திருத்திச் சொல்ல அவர் உதடு துடித்தது. அமுதவல்லி முறைத்தாள். அடக்கிக்கொண்டார். "மரத்தில்... மரத்தில் ஏறியது!" என்று காவியா முழுதாகச் சொன்னாள். சூடு வைக்க நீட்டச் சொன்ன நாக்குதான் அது. ஒரு குரங்கை மரத்தில் ஏற்ற அதற்கு ஊசி தேவைப்படவில்லை, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தது போதுமாக இருந்தது.

வெளியே வரிசை இன்னும் கலையவில்லை. நிற்கிறவர்கள் எல்லாருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை புத்தகத்தோடு காத்திருக்கிறது. போய்ப் பக்கத்தில் உட்காருங்கள் அய்யா, கொஞ்சம் யோசியுங்கள். அதற்கு மட்டும்தான் இந்த ஊரில் டோக்கனும் கிடையாது, கூட்டமும் கிடையாது.