குளியலறையில் ஓர் எண்ணெய்க் கிணறு

கோலார் தங்கவயலில் பூமிக்கடியிலிருந்து தங்கம் எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. குளியலறையிலிருந்து சமையல் எண்ணெய் எடுத்தவர் ஒருவர்தான். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. ஊருக்கு அவர் காத்தண்ணன்.

சுரங்கத்தில் வென்டிலேஷன் பிரிவு. ஒவ்வொரு லெவலிலும் காற்று ஓடுகிறதா என்று பார்ப்பது வேலை. கையில் ஒரு ரப்பர் குமிழ், அதற்குள் சுண்ணப்பொடி. அழுத்தினால் புஸ்ஸென்று வெண்புகை கிளம்பும். அது போகும் திசையைப் பார்த்துக் காற்றுக்கே ஜாதகம் சொல்வார். அந்தக் குமிழ் பூமிக்கு மேலேயும் ஓய்வு பெறவில்லை. ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராக ஒரு புஸ். "இங்க காத்து நிக்குது. மணையத் திருப்பிப் போடுங்க." போட்டார்கள். ஐயர்தான் கிழக்கு எங்கே என்று தேடியபடி மந்திரம் சொன்னார்.

அப்போது நான் எஸ்டேட் ஆபீசில் கம்பெனி குவார்ட்டர்ஸ்களுக்குப் பொறுப்பு. என் அறைக்கும் ஒருநாள் வந்து புஸ் அடித்தார்.

"சார், இந்த ரூம்ல காத்து செத்துப்போயி ரொம்ப நாளாச்சு."

"அது காற்று இல்லை, நிலுவைக் கோப்புகள்" என்றேன்.

அவர் ஏற்கவில்லை. என் மேஜையை வாசற்படிக்கு இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பணி ஓய்வு வரை என் முன்பாதி அலுவலகத்திலும் பின்பாதி வராந்தாவிலுமாக கம்பெனி விதிகளை அமல்படுத்தினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கடலை எண்ணெய் விலை ஏறியது. எல்லோரும் பொரியலைக் குறைத்தோம். காத்தண்ணன் பெங்களூருக்கு ரயில் ஏறினார். அங்கே ஒரு கல்லூரியில் கெஞ்சி, சட்டைப்பையில் ஒரு கண்ணாடிக் குழாயோடு திரும்பினார். குழாய்க்குள் ஈஸ்ட். ரொட்டிக்குப் போடும் ஜாதி இல்லை. கொழுப்பு சேர்க்கும் ஜாதி.

"தங்கம் பிரிச்சிக் கொட்டுன இந்த சயனைடு மண்ணு மேட்டுல கடலை வெளையுமா சார்? நம்ம கைல இன்னா கீது? டிரம் கீது, காத்து கீது. ஈஸ்ட்டுக்கு வெல்லத் தண்ணி நெறைய குடுக்கணும், பருப்புச் சத்து கம்மியா குடுக்கணும். அதால வளரவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. துன்னதெல்லாம் கொழுப்பா சேத்துக்கும்."

தலைமை அலுவலகத்தில் பலரை இந்த முறையில்தான் வளர்க்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

குளியலறையில் நீல டிரம் குடியேறியது. மீன் தொட்டி மோட்டார் இரவு பகலாக அதற்குள் காற்றை ஊதியது. வீட்டார் குழாயடியில் குளித்தார்கள். சுரங்கத்தில் உள்ளே இறங்குபவன் பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர் என்று தெரிவதற்கு. காத்தண்ணன் குளியலறை வாசலிலும் ஒரு பலகை அடித்தார். அவர் மனைவி சகுந்தலாவே டோக்கன் மாட்டாமல் உள்ளே போக முடியாது. மாதம் ஒருமுறை, கொழுத்த ஈஸ்ட்டை வடிகட்டி, காயவைத்து, கல்லூரிக்குக் கொண்டுபோவார். அவர்கள் எண்ணெயைப் பிரித்து, சுத்தம் செய்து, இருமல் மருந்து பாட்டிலில் கொடுப்பார்கள். ஒரு டிரம்முக்குப் பாதி பாட்டில்.

பிறகுதான் அந்தப் புகார் வந்தது. புளித்த வாடை, நாளெல்லாம் குமிழிச் சத்தம், டோக்கன் மாட்டிவிட்டு உள்ளே போகிற ஆட்கள். சந்தேகமே இல்லை, சாராயக் கடை. குடியிருப்பு விதிகளின்படி மது காய்ச்சினால் ஏழு நாளில் வீடு காலி. ஊரில் அவருக்கு வேறு கூரை கிடையாது. விசாரணைக்கு நானும் பாதுகாப்புப் பிரிவின் கன்னடக்கார மீசை இன்ஸ்பெக்டரும் போனோம்.

உள்ளே நுழைந்து நோட்டீசை நீட்டிய நொடியில் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது.

காத்தண்ணன் நோட்டீசைத் தொடவேயில்லை. சைக்கிள் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "ஐயையோ! காத்து நின்னா வேற ஈஸ்ட் பூந்துடும் சார்! சாயங்காலத்துக்குள்ள எல்லாம் சாராயமாயிடும்!"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "இன்னொரு வாட்டி சொல்ரீ. சாராயமா?"

"ஆமா, சாராயந்தான்! எளுதிக்கங்க. இப்ப அது எண்ணெ. நீங்க பம்பு அடிக்கலேன்னா சாராயம்."

நான் விதியை மனதுக்குள் புரட்டினேன். குற்றம் இன்னும் நடக்கவில்லை. நடக்கவிடாமல் தடுப்பது எங்கள் கடமை. அதற்கு இருக்கும் ஒரே வழி பம்பு. இன்ஸ்பெக்டரிடம் விளக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மொதல்ல டோக்கன் மாட்டுங்க" என்றார் காத்தண்ணன்.

மூன்று மணி நேரம். ஆளுக்கு இருபது நிமிடம் ஷிஃப்ட். குற்றம் சாட்டப்பட்டவர் பலகை அருகே நின்று விசாரணை அதிகாரிகளை மேய்த்தார். "இன்னா சார், தூங்கறீங்களா? நல்லா அமுக்குங்க!" சகுந்தலா மோர் கொண்டுவந்தபோது மெதுவாகக் கேட்டார்: "சார், ஊட்டைக் காலி பண்ணணுமாங்க? ஒரு வார்த்த சொல்லிடுங்க, சாமான் கட்டணும்." நான் மோரைக் குடித்துவிட்டு மறுபடி பம்பைப் பிடித்தேன். பேச மூச்சு இல்லாததும் ஒரு காரணம்.

கரண்ட் வந்தது. மோட்டார் முனகியது. "இனிமே விசாரிங்க சார்" என்று கைகட்டி நின்றார் காத்தண்ணன்.

சாட்சிப் பொருளைக் கேட்டேன். பாட்டிலை எடுத்தார். சட்டியில் ஊற்றினால் அடிகூட நனையாது. சகுந்தலா தாளிக்கிற கரண்டியில் ஊற்றிக் காய்ச்சி, உளுந்து வடை மாவை நெல்லிக்காய் அளவு கிள்ளிப் போட்டார். ஒரு தடவைக்கு ஒன்று. ஊரில் யாரும் எண்ணெயை அவ்வளவு மரியாதையாக நடத்தி நான் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி மென்றார். நாங்கள் மூவரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது எண்ணெதான்" என்றார். பிறகு, "சந்தேகம் முழுசா தீரல. இன்னொண்ணு போடுங்கம்மா."

ஒன்பது வடைகளில் சந்தேகம் தீர்ந்தது, பாட்டிலும் தீர்ந்தது. அறிக்கையில் எழுதினேன்: "மாதிரி முழுவதும் சோதனையில் செலவாயிற்று. மது இல்லை. எண்ணெய் எடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. குடியிருப்பவர் தொடரலாம்." இன்ஸ்பெக்டரின் கையெழுத்தைச் சுற்றி ஒரு மினுமினுப்பு பரவியிருந்தது.

அதற்குப் பிறகு ஆபீசில் கரண்ட் போனால், மூவ்மென்ட் ரிஜிஸ்டரில் "குவார்ட்டர்ஸ் ஆய்வு" என்று எழுதிவிட்டு, பம்பு அடிக்கக் காத்தண்ணன் வீட்டுக்கு நடந்துவிடுவேன். என் பணிக்காலத்தில் நான் கைப்பட எழுதிய ஒரே பொய் அது. எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கில்லை. ஆய்வு செய்ய அங்கே எதுவும் இருக்கவில்லை. அவர் இருந்தார்.