நூற்றிருபதுக்கு எண்பது

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. வாஸ்தவம்தான், வாயால் சொன்னது ஒரே ஒரு தடவை. கையால் நிறைய எழுதியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டில் எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். அடுத்த இன்சார்ஜ் சிஸ்டர் நான்தான் என்பது வார்டு முழுக்கத் தெரியும் (நான்தான் சொல்லி வைத்திருந்தேன்). அந்த நேரம் பார்த்து, நர்சுகளுக்கு மறுபயிற்சி வகுப்பு, முடிவில் செய்முறைத் தேர்வு, தேறினால்தான் பதவி உயர்வு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வந்ததே கோபம் எனக்கு! “ஊசி போட்டுப் போட்டே நரை வந்திருச்சு. எனக்குக் கிளாஸாமா?” என்று கேன்டீனில் குதித்தேன். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாங்க வேண்டிய காய்கறிக்குப் பட்டியல் போட்டேன்.

வகுப்பெடுத்தவள் சுமதி. என்னிடம் ஊசி போடக் கற்ற பெண். மேல்படிப்பு முடித்து டியூட்டராக வந்திருந்தாள். தேர்வன்று ஆஸ்பத்திரித் தோட்டக்காரரை உட்காரவைத்து, “பிரஷர் பாத்துச் சொல்லுங்க்கா” என்றாள். இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, மேஜையிலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினேன். சத்தமே இல்லை. மறுபடி காற்றடித்தேன். கம்மென்று கிடந்தது. சுற்றிலும் ஒன்பது பேர் பார்க்கிறார்கள். பதினோரு வருஷ சர்வீஸ், கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா?

“நூத்தி இருவதுக்கு எம்பது” என்றேன், கம்பீரமாக.

சுமதி ஸ்டெதாஸ்கோப்பின் குழாயைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு உருண்டைப் பஞ்சை வெளியே இழுத்துப் போட்டாள்.

“இதுல எப்படீங்க்கா கேட்டுச்சு?”

கேலியாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாவி, நிஜமாகவே வருத்தப்பட்டாள். தோட்டக்காரர் மட்டும், “அப்ப எனக்கு எவ்வளவுங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பதவி வேறொருத்திக்குப் போயிற்று. அந்த அவமானத்தைக்கூட விழுங்கிவிட்டேன். அவசரத்திலும் வார்டு இரைச்சலிலும் சரியாகக் கேட்காமலே நான் எழுதிவைத்த நூற்றிருபதுகள் யார் யாருடையவை என்ற நினைப்புதான் சோறு இறங்கவிடவில்லை.

தேர்வுக்கு மறுநாள் காலை, கிணத்துக்கடவுப் பெரியவர் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். பிரஷர் பார்த்தேன். பிடிபடவில்லை. நாக்கு நுனிவரை நூற்றிருபது வந்துவிட்டது.

“எனக்குச் சரியாக் கேக்கலைங்க. இன்னொருக்காப் பாக்கறேனுங்க.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, வார்டே அதிரக் கத்தினார். “நல்லாப் பாருங்க அம்மணீ! அவசரமில்லீங்க!”

மூன்றாவது முறை கேட்டது. இருநூறுக்கு நூற்றிருபது! ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். ஆபரேஷனைத் தள்ளிவைத்து, மருந்து கொடுத்து, பிரஷர் இறங்கிய பிறகு செய்தார்கள். பெரியவர் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தார்.

சேர்ந்தவர் சும்மா இருந்தாரா? ஒரு மாதம் கழித்து இளநீர்க் குலையோடு எங்கள் தெருவுக்கு வந்து, வீடு வீடாக விசாரித்திருக்கிறார்: “ஏனுங்க, காது கேக்காத நர்ஸம்மா ஊடு எதுங்க?” தெருவில் நர்ஸ் நான் ஒருத்திதான். கைகாட்டிவிட்டார்கள்.

அன்று பிடித்த பேர். வீட்டில் எல்லோரும் இன்றும் என்னிடம் கத்தித்தான் பேசுகிறார்கள். மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மா அதை நிஜமென்றே நம்பி, “காபி நல்லாருக்குதுங்க!” என்று என் காதில் கத்தினார்.

நான் திருத்தவில்லை. கேட்கிறது என்று சொல்லி நான் பட்டது போதும்.